பாசிமணிக்கு மகுடம் எதற்கு?

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் கூடும் மேடை எதுவானாலும், பேச்சு வரலாற்றுப் பக்கம் திரும்பிவிட்டால் அது கடாரத்தில் போய்த்தான் நிற்கும். பிரிக்பீல்ட்ஸ் மண்டபமாக இருந்தாலும் சரி, பண்டமாரான் கோவில் திருவிழாவாக இருந்தாலும் சரி, கதை ஒன்றுதான். ராஜேந்திர சோழன் வந்தான், வென்றான், ஆண்டான். சான்று என்னவென்று யாராவது கேட்டால், அண்மைக் காலமாக ஒரு புதிய பதில் தயாராக இருக்கிறது: பாசிமணி. கடாரம் என்ற இன்றைய கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டினால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணாடி மணிகள் கிடைக்கின்றன. அதே மாதிரி மணிகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் கிடைக்கின்றன. ஆகவே தமிழ் மன்னர்கள் இந்த மண்ணை ஆண்டார்கள். இப்படி மூன்று வரியில் ஒரு சாம்ராஜ்யம் எழும்பிவிடுகிறது. வாட்சாப்பில் படத்தோடு சுற்றுகிறது. வசதி உள்ள சிலர் 'சோழர் காலத்து மணி' என்று மாலையையே விலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள்.

மணிகள் உண்மை. அவை அரிக்கமேட்டு மணிகளைப் போல் இருப்பதும் உண்மை. அவற்றிலிருந்து நாம் எடுக்கும் முடிவுதான் பொய். அந்த மணிகள் உலைக்கு முன்னால் வியர்த்த தொழிலாளிகளையும், அவர்கள் செய்ததைக் கடல் தாண்டிக் கொண்டுபோன வணிகர்களையும், அத்தொழிலைக் கற்றுத் தமதாக்கிக்கொண்ட இந்தத் தீபகற்பத்து மக்களையும் பற்றிப் பேசுகின்றன. ஓர் அரசனைப் பற்றியும் அவை பேசவில்லை. அவற்றின் தலையில் மகுடத்தைத் தூக்கி வைக்கும்போது, உண்மையில் அவற்றைச் செய்த கைகளைத்தான் மறைக்கிறோம்.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் உள்ளிட்ட ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது 1025-ஆம் ஆண்டு. தாய்லாந்தின் சும்போன் பகுதியில் உள்ள காவோ சாம் கேவ் என்ற இடத்தில் பெரெனிஸ் பெலினா தலைமையில் நடந்த ஆய்வுகள், அங்கே மணித்தொழில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே நடந்ததைக் காட்டின. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் கண்ணாடி மணிகள் ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கிடைக்கின்றன. மன்னன் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே அவனுடைய பொருள் அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்புவதற்கு வரலாறு தேவையில்லை, பக்தி போதும். மணிதான் சான்று என்றால் அது சோழனுக்குச் சான்றாக முடியாது. சோழப் படையெடுப்பு நடந்ததை நான் மறுக்கவில்லை. அதற்குத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் உள்ள மெய்க்கீர்த்தி இருக்கிறது. ஆனால் ராஜேந்திரன் பெயரில் ஒரு கல்வெட்டும் மலேசிய மண்ணில் இதுவரை கிடைக்கவில்லை. அவன் மகன் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, அடிபணிந்த அந்நாட்டு மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாகத்தான் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்கிறான். தாக்குதல் வேறு, ஆட்சி வேறு.

அடுத்தது, இதைவிட முக்கியமானது: ஒரு பொருள் ஓரிடத்தில் கிடைத்தால், அதைச் செய்த நாட்டின் அரசன் அந்த இடத்தை ஆண்டான் என்ற கணக்கு. இதே கணக்கை நம் தலையில் மற்றவர்கள் வைத்தபோது நாம் ஏற்றுக்கொண்டோமா? 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தார். ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கையில் அந்த ஊரை இந்திய–ரோமானிய வணிக நிலையம் என்றே அவர் பெயரிட்டார். ரோமானியர் வந்ததால்தான் அந்த ஊருக்கு உயிர் வந்தது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அங்கே ஆய்வு செய்து, ரோமானியத் தொடர்புக்கு முன்பும் அது ஒழிந்த பிறகும் அந்த ஊர் வாழ்ந்திருக்கிறது என்று காட்டினார். தமிழர்கள் கைதட்டினோம். சரியாகத்தான் தட்டினோம். மதுச்சாடி கிடைத்ததால் அகஸ்டஸ் அரிக்கமேட்டை ஆளவில்லை. அப்படியானால் பாசிமணி கிடைத்ததால் மட்டும் தமிழ் மன்னன் கடாரத்தை ஆண்டுவிட்டானா?

இன்னும் வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். பண்டமாரானிலிருந்து பந்திங் சாலையில் போனால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது கோலா லங்காட்டின் கம்போங் சுங்கை லாங். அங்கே 1964-இல் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. ஒரு மரப்பலகையின் மேல் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தவை. வடவியட்நாமின் தோங் சோன் பண்பாட்டைச் சேர்ந்த வகை. வியட்நாமிய அரசன் கோலா லங்காட்டை ஆண்டான் என்று யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. சோங் பேரரசர் கெடாவை ஆண்டதாகப் பக்கத்துக் கடைக்காரச் சீனர் சொல்வதில்லை. இந்தக் கடற்கரை இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லாத் திசைப் பொருளும் வந்து இறங்கிய கரை. அதில் ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து அரசாணையாகப் படிப்பது நேர்மையான வாசிப்பு ஆகாது.

இனி மணியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஆய்வாளர்கள் இவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்கிறார்கள். அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். ஒரே நிறம், பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் அடங்கும் உருவம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா வரை இவை கிடைக்கின்றன. இவற்றைச் செய்யும் முறை இன்றும் உயிரோடு இருக்கும் இடம் திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள பாப்பநாயுடுபேட்டை. உலையில் உருகிய கண்ணாடியை ஒரு நீண்ட இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டுகிறார்கள். குழாய்க்குள்ளே கம்பியைச் செலுத்தி அந்தத் திரளின் நடுவில் துளையிடுகிறார்கள். பிறகு உலையின் வாயருகே ஒருவர் கொக்கியால் முனையைப் பிடித்து இழுக்க, நடுவில் துளையோடு கண்ணாடி நூல்போல நீள்கிறது. மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் நூல் மெலியும், குறைந்தால் தடிக்கும். அந்த நூற்குழாய்களை ஒடித்து, சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்குவார்கள். கூர்விளிம்பு மழுங்கி உருண்டையாகும். சாம்பல் துளையை அடைக்காமலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கும். சலித்து, அளவு பிரித்து, கோப்பது கடைசி வேலை.

நிறத்துக்கும் தனி அறிவு வேண்டும். அந்தச் செங்கல் சிவப்பு வருவதற்குச் செம்பைக் கலந்தால் மட்டும் போதாது. உலைக்குள் காற்று குறைந்திருக்க வேண்டும். காற்று அதிகமானால் அதே செம்பு பச்சையாகவோ நீலமாகவோ போய்விடும். மஞ்சளுக்கு ஈயமும் தகரமும். இதையெல்லாம் எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லவில்லை. அப்பனிடமிருந்து மகனுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைமாறிய அறிவு இது. இன்று அந்த அறிவைத் தாங்கி நிற்பவர்கள் தெலுங்கு பேசும் ஊரில் இருக்கிறார்கள் என்பதையும், எல்லா மணியையும் தமிழ் மணி என்று அடித்துச் சொல்பவர்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

'எப்படியோ, மணி நம் நாட்டிலிருந்து வந்ததுதானே' என்பார்கள். எல்லாம் வரவில்லை. பேராக்கின் சதுப்புநிலக் காட்டுக்குள், மாத்தாங் பக்கத்தில், கோலா செலின்சிங் என்ற இடம் இருக்கிறது. ஐவர் எவன்ஸ் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே அகழ்ந்தார். பின்னர் நிக் ஹசான் சுஹைமி போன்ற மலேசிய ஆய்வாளர்களும் அகழ்ந்தார்கள். அந்த இடத்தில் இருந்தவர்கள் கழிமுகத்துச் சேற்றில் கால் ஊன்றி வாழ்ந்த மக்கள். அங்கே கழுத்தில் போட்ட மணி மட்டும் கிடைக்கவில்லை. முடிக்காமல் விட்ட மணிகளும் கண்ணாடிக் கட்டிகளும் கிடைத்தன. தொழில் அங்கேயே நடந்திருக்கிறது. கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை மாஸ் பகுதியிலும் இப்படியே கண்ணாடிக் கழிவு கிடைத்து, பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றின் வேதியியலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்ததற்குச் சான்று என்று காட்டும் பூஜாங் மணிகளில் பல, பூஜாங்கிலேயே பிறந்தவை.

இங்கே ஒரு நுணுக்கத்தை விட்டுவிடக் கூடாது. மணலை உருக்கிக் கண்ணாடியாக்குவது ஒரு தொழில். ஆக்கிய கண்ணாடியை மணியாக்குவது வேறொரு தொழில். இரண்டும் ஒரே ஊரில் நடக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கட்டி கப்பலில் வரும், மணி இங்கே உருவாகும். லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரியாத துளியைச் சுரண்டி, அதில் உள்ள தனிமங்களை அளக்கும் முறை இப்போது இருக்கிறது. சிகாகோவின் பீல்ட் அருங்காட்சியகத்தில் லோர் துசுபியோ இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து, தெற்காசியாவின் அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடியைப் பல வகைகளாகப் பிரித்தார். அதில் யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்த ஒரு வகை தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தது. இலங்கையின் கிரிபாவவில் கண்ணாடி ஆக்கிய இடமே கிடைத்திருக்கிறது. அதே சமயம் தென்கிழக்கு ஆசியாவில் பொட்டாஷ் கண்ணாடியும் வேறு வகைகளும் ஏராளம். அரிக்கமேட்டிலேயே ஒரே வகைக் கண்ணாடி இல்லை. ஆகவே 'எல்லாம் தமிழ்நாடு' என்பதும் பொய், 'தமிழ்நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று மறுகரையில் நின்று சொல்பவர்களின் வாதமும் பொய். கண்ணாடி இரண்டு பேரையும் திருத்துகிறது.

'இங்கே செய்தாலும் செய்தவன் தமிழன்தானே' என்பது அடுத்த பதில். முதல் தலைமுறையில் கடல் கடந்து வந்த கைவினைஞர் இருந்திருப்பார்கள் என்பது நியாயமான ஊகம். காவோ சாம் கேவில் சூதுபவளத்தையும் அகேட் கல்லையும் இந்திய நுட்பத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் உருவமும் ரசனையும் அந்த ஊர்க்காரர்களுடையவை. நுட்பம் வந்தது, பிறகு அது அவர்களுடையதாகிவிட்டது. தொழில் கைமாறுவது என்றால் இதுதான். நாமும் அப்படிப் பெற்றுக்கொண்டவர்கள். கொடுமணலில் தமிழ்க் கைவினைஞர் செய்த சூதுபவள மணிகளுக்குக் கல் குஜராத்திலிருந்து வந்தது. அதற்காகக் கொடுமணலைக் குஜராத்துக்காரர் ஆண்டார் என்று எழுதினால் சும்மா இருப்போமா?

சரி, தமிழர் இந்தப் பகுதிக்கு வந்து விட்டுச்சென்ற எழுத்து என்ன? அதைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும். தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், மணிகள் கொட்டிக் கிடந்த கிளோங் தோம் பகுதியில், ஒரு சின்னக் கல் கிடைத்தது. பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ்பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. ரனோங் பகுதியின் பூ காவோ தோங்கில் கிடைத்த பானை ஓட்டிலும் தமிழ்பிராமி எழுத்து உண்டு. அதைத் துறவியைக் குறிக்கும் சொல்லாக அறிஞர்கள் படித்தார்கள். தாய்லாந்தின் தக்குவா பாவில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியது. அதைக் காத்தவர்களில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் இருக்கிறார்கள். சுமத்ராவின் பாருஸ் பக்கம், லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டை நிறுத்தியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. பொற்கொல்லர், துறவி, குளம் காத்தவர், வணிகர். இவர்கள்தான் இங்கே தமிழில் எழுதி வைத்தார்கள். இப்படி ஒரு வரிசை கையில் இருக்க, அதில் இல்லாத அரசனைத் தேடி ஏன் அலைகிறோம்?

அலைவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'வந்தேறி' என்று ஒருவன் சொல்லும்போது வலிக்கிறது. நம் பாட்டன் ரஜூலா கப்பலின் தளத்தில் படுத்துக் கிடந்து, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி, கங்காணி பின்னால் கித்தாத் தோட்டத்துக்குப் போனான் என்பதை மேடையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவனுக்கு மேலே ஒரு ராஜாவை உட்கார வைத்தால் கூச்சம் போய்விடும் என்று நினைக்கிறோம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது, கங்காணி வழி ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. ஆனால் கூலி என்ற சொல்லுக்கு நாம் படும் வெட்கம் மட்டும் இன்னும் ஒழியவில்லை. அந்த வெட்கம்தான் பாசிமணிக்கு மகுடம் சூட்டுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மணியைக் கும்பிடுகிறவர்கள், ஊரில் பாசிமணியும் ஊசியும் விற்றுக்கொண்டு வரும் நரிக்குறவர் பெண்ணை வாசற்படியில் நிற்க விடுவார்களா என்று பாருங்கள். நாம் மதிப்பது மணியையா, மகுடத்தையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அரசியலாகப் பார்த்தாலும் இது பாழான வாதம். முன்னால் வந்தவனுக்கே உரிமை என்று வாதாடத் தொடங்கினால், பண்டமாரானுக்குத் தெற்கே கேரித் தீவில் வாழும் மா மெரி மக்களும் மற்ற ஒராங் அஸ்லி மக்களும்தான் வரிசையில் முதலில் நிற்பார்கள். நாமும் நிற்க முடியாது, நம்மை வந்தேறி என்பவனும் நிற்க முடியாது. வென்றவனுக்கே உரிமை என்று வாதாடினாலோ, படையெடுத்து வந்தவனின் பேரன் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். நம்முடைய குடியுரிமை 1957-இல் உருவான அரசியல் சட்டத்தில் இருக்கிறது. நம் பாட்டன் வெட்டிய காட்டிலும் போட்ட தண்டவாளத்திலும் இருக்கிறது. அதற்குச் சாட்சி சொல்ல 1025-ஆம் ஆண்டு தேவையில்லை.

இப்போது மாலை வாங்கி வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. 'சோழர் மணி' என்று விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் வயது எப்படித் தெரியும்? அந்தச் சிறிய சிவப்பு மணி கி.மு.விலும் இப்படித்தான் இருந்தது, சென்ற நூற்றாண்டில் செய்ததும் இப்படித்தான் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்து நூற்றாண்டு சொல்ல யாராலும் முடியாது. கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங் பகுதியில் பழைய புட்டிக் கண்ணாடியை உருக்கிப் பண்டைய வடிவ மணிகளைக் கைத்திறனோடு செய்கிறார்கள். செய்பவர் புதிது என்றுதான் விற்கிறார், நாலு கை மாறியபின் அது பழசாகிவிடுகிறது. அதாவது உங்கள் பேழையில் இருப்பது போன மாதத்து மணியாக இருக்கலாம்.

அது உண்மையிலேயே பழையது என்றால் நிலைமை இன்னும் மோசம். எந்த மண் அடுக்கில், எந்த ஓட்டோடு, எந்த எலும்போடு கிடந்தது என்ற செய்திதான் மணிக்கு வாய் கொடுக்கிறது. தோண்டி எடுத்துச் சரட்டில் கோத்துவிட்டால் அது ஊமை. கிளோங் தோமின் மணி மேடு இப்படித்தான் சல்லடை போட்டுச் சலிக்கப்பட்டு, குழிகளாகிப்போனது. பெரும்பதன் கல் தப்பியது, தப்பாதவை எத்தனையோ. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டமும், இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் இதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. தமிழர் பெருமைக்காக மணி வாங்குகிறவர், தமிழர் இங்கே என்ன செய்தார்கள் என்று காட்டக்கூடிய சான்றைக் காசு கொடுத்து அழிக்கிறார். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் சரவாக்கின் கெலாபிட் குடும்பங்களைப் பாருங்கள். எந்த மணி எந்தப் பாட்டியிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மணியோடு சேர்த்தே காக்கிறார்கள். வரலாறு இல்லாமல் மணி மட்டும் வைத்திருப்பது சேகரிப்பு ஆகாது.

2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி என்ற பழங்கோவில் இடிக்கப்பட்டபோது நாம் கொதித்தோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோவில் என்றால் கொதிக்கிற நமக்கு, சுங்கை மாஸில் கிடந்த கண்ணாடிக் கழிவைப் பற்றி ஏதாவது தெரியுமா? உடைந்த கண்ணாடிக் கட்டியும் கோணல்மாணலான பாதி மணியும் யாருடைய பெருமைப் பட்டியலிலும் இல்லை. இந்தக் கரையில் உழைத்தவனின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. 'கடாரத்தில் பாசிமணி, ஆகவே சோழ ஆட்சி' என்ற வாக்கியத்தை இனி மேடையில் யாரும் சொல்லக் கூடாது. காலம் ஒத்துவரவில்லை, கண்ணாடி ஒத்துவரவில்லை, கல்வெட்டும் ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது: இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழகத்துத் தொழிலாளியும் இந்தத் தீபகற்பத்துத் தொழிலாளியும் ஒரே நுட்பத்தைப் பகிர்ந்திருக்கிறார்கள், அவர்கள் செய்த பொருள் பாதி உலகத்தைச் சுற்றியிருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே மணிகளைப் பார்த்ததும் எந்த ராஜா என்று பிள்ளை கேட்டால், ராஜா இல்லை, உலைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லிக் கொடுங்கள். அப்படிச் சொல்லப் பழகிவிட்டால், ரஜூலாவில் வந்த பாட்டனைப் பற்றியும் தலை நிமிர்ந்து சொல்ல முடியும்.